ஆரபியின் மேசையில் இருந்த நீல ஃபைல்

நான் திருடினேன். ஆளில்லாத வீட்டுக்குள் போய், பத்து வயதுப் பிள்ளை ஒருத்தியின் மேசையில் இருந்து ஒரு நீல நிற ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கதவை உடைக்கவில்லை. திறப்பு என் கையில் இருந்தது. அந்தத் திறப்பை என்னிடம் தந்தவர்கள் ஒரு செத்தவீட்டுக்காக அவசரமாகப் புறப்பட்டுப் போனவர்கள்.

போன ஆண்டு ஓகஸ்டில் நடந்தது இது. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடம்கூட. இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் சொல்ல முடிகிறதோ என்னவோ. ஆனாலும் எழுதத் தொடங்கும்போதே உங்கள் மேலும் எனக்கொரு சந்தேகம்… நீங்கள் இல்ஃபோர்ட்டில் இருப்பவராக இருந்தால்? எங்கள் தெருவால் நடந்து போகிறவராக இருந்தால்? அதற்காகப் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஃபைலின் நிறத்தை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

ஒரு ஃபைல்தானே, இதற்கா இவ்வளவு என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். நகையில்லை, காசில்லை, வெறும் கடதாசி…

மாலினி அக்காவின் வீடும் எங்கள் வீடும் ஒட்டிய வீடுகள். நடுவில் ஒரே சுவர். அவர் மிக்ஸி போட்டால் எங்கள் குசினியில் கோப்பைகள் மெல்ல அதிரும். நாங்கள் பிள்ளையை ஏசிப் பேசினால் அங்கே கேட்கும். அவர்கள் பேசினால் இங்கே கேட்கும். அவருக்கு ஒரே மகள், ஆரபி. எனக்கும் ஒரே மகள், சாயினி. இருவருக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு.

இங்கே பிள்ளைகளுக்குப் பத்து வயதில் ஒரு சோதனை வருகிறது. கோடை விடுமுறை முடிந்து ஆறாம் வகுப்புத் தொடங்கியதும், செப்டெம்பரில். அதில் முன்னுக்கு வருகிற பிள்ளைகளுக்குத்தான் கிராமர் பள்ளிக்கூடத்தில் இடம். எங்கள் ஆட்கள் பலர் அந்த ஓர் இடத்துக்காகவே வீடு மாறி இந்தப் பக்கம் வந்தவர்கள். ஆனால் எந்தத் தாயும் தன் பிள்ளையைத் தயார்படுத்துவதாக வெளியில் சொல்ல மாட்டாள். கேட்டால், பிள்ளை சும்மா விளையாடித் திரிகிறது என்பாள்.

ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் நான் நேராகவே கேட்டேன்.

"அக்கா, ஆரபியை எங்கயாவது ரியூஷனுக்கு விட்டிருக்கிறியளோ?"

"சீச்சீ. இந்த வயசில என்ன ரியூஷன்? சனிக்கிழமையில நீச்சலுக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போறன். நீர் சாயினியை விட்டிருக்கிறீரோ?"

"இல்லையக்கா. அவள் கதைப்புத்தகம்தான் வாசிக்கிறாள்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். இரண்டு பேரும் பொய் சொன்னோம். நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் இணையத்தில் எடுத்த பயிற்சித் தாள்களைச் சாயினிக்கு முன்னால் வைத்துக்கொண்டு மணி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரபி ஒவ்வொரு சனிக்கிழமையும் தோளில் நீச்சல் பையோடு காரில் ஏறிப் போவாள். இரண்டு மணித்தியாலத்தில் திரும்பி வருவாள். ஒருநாள் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற சாயினி சொன்னாள்:

"அம்மா, ஆரபி ஸ்விம்மிங் போட்டு வந்தாலும் தலை காய்ஞ்சுதான் இருக்கு. அவவின்ட தொப்பி நல்ல தொப்பி போல. எனக்கும் அதே தொப்பி வாங்குவமோ?"

அன்றிலிருந்து எனக்குள் ஏதோ அரிக்கத் தொடங்கியது.

அந்த நாட்களில் ஒரு ரியூஷன் மாஸ்ரரைப் பற்றிக் கதை அடிபட்டது. எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் எடுக்க மாட்டாராம். கேள்விகளைப் புத்தகத்தில் இருந்து எடுக்காமல் தன் கையாலேயே எழுதுவாராம். அவர் தாளைச் செய்த பிள்ளைக்குச் சோதனை மண்டபத்தில் ஒன்றும் புதிதாக இருக்காதாம். தாள்களை வேறு எவருக்கும் காட்டுவதில்லை என்று பெற்றோர் வாக்குக் கொடுக்க வேண்டுமாம். யார் யாரையோ கெஞ்சி நான் அவருடைய தொலைபேசி எண்ணை எடுத்தேன்.

"இடமில்லைப் பிள்ளை. வாற வருஷம் பாப்பம்" என்றார்.

வருகிற ஆண்டு என் பிள்ளைக்குச் சோதனையே முடிந்துவிடும்.

அந்த எட்டுப் பேரில் ஆரபியும் ஒருத்தியோ? மாலினி அக்கா எனக்காக ஒரு சொல் சொல்லியிருக்கலாமே? சொல்லாமல் விட்டாரோ, அல்லது எடுக்க வேண்டாம் என்றே சொல்லி வைத்தாரோ? சுவருக்கு அந்தப் பக்கம் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டால்கூட, பிள்ளை படிக்க உட்காருகிறாள் என்று என் மனம் சொல்லும்.

ஜூலைக் கடைசியில் மாலினி அக்காவின் மாமனார் யாழ்ப்பாணத்தில் தவறிப் போனார். அக்காவின் கணவர் சேகர் அண்ணைதான் மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அன்று பின்னேரமே பிளேனுக்கு ஓடினார்கள். வாசலில் ராக்சி நிற்க, அக்கா என் கையில் திறப்பை வைத்தார். அழுது கண் வீங்கியிருந்தது.

"தாரணி, குசினிக்குள்ள நிக்கிற கறிவேப்பிலைக்கு மட்டும் ரெண்டு நாளைக்கு ஒருக்காத் தண்ணி விடும். கூட விட்டிடாதையும், வேர் அழுகிப் போகும். கடிதங்களை எடுத்து உள்ளுக்கு வையும். மேல யன்னலுகளை இடைக்கிடை திறந்து விட்டாக் காணும். இலை தேவையெண்டாப் பிடுங்கும், கேக்கத் தேவையில்லை."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அக்கா" என்றேன்.

மூன்றாவது தரம் போனபோதுதான் மாடிக்கு ஏறினேன். ஆரபியின் அறை யன்னலைத் திறக்க. கதிரையில் நீச்சல் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாய் திறந்திருந்தது. உள்ளே துவாய் இல்லை, நீச்சலுடை இல்லை. பென்சில் பெட்டி, அடிமட்டம், ஒரு சின்ன மணிக்கூடு.

மேசையில் நீல ஃபைல்.

திறந்தேன். கையெழுத்தில் கேள்விகள். ஓரங்களில் சிவப்பு மையில் மாஸ்ரரின் குறிப்புகள். மேலே பென்சிலால் ஆரபியின் பெயரும் ஒவ்வொரு சனிக்கிழமையின் திகதியும்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அந்த நேரத்தில் எனக்கு வந்தது ஆசையில்லை, கோபம். ஒரு வருடமாக என் முகத்தைப் பார்த்து நீச்சல் என்று சொல்லியிருக்கிறாரே! நான் சொன்ன பொய் அந்த நிமிடத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை. உங்களுக்கு வந்திருக்குமா?

நாளைக்கு வேலைக்குக் கொண்டுபோய்ப் பிரதி எடுத்துவிட்டு, நாளைக்கே திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுத்துத் துணிப்பைக்குள் போட்டேன். போகும்போது ஒரு யோசனை. முன்கதவு மணியில் கமரா இருக்கிறது. வாசலில் யார் வந்தாலும் சேகர் அண்ணையின் போனில் தெரியும், யாழ்ப்பாணத்திலும் தெரியும். திரும்பிப் போய்க் கறிவேப்பிலையில் இரண்டு கொப்பு முறித்து ஃபைலின் மேல் பரப்பினேன். பிறகு கமராவுக்கு முன்னால் கதவைப் பூட்டி, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தேன். பொறுப்பான அயலவள்.

நான் ஒரு நூலகத்தில் பகுதி நேரம் வேலை செய்கிறேன். திரும்பி வருகிற புத்தகங்களில் யாரும் பென்சிலால் கோடு போட்டிருந்தால் அதை அழிப்பதும் என் வேலை. மெல்லிய அழிறப்பரால், ஒரே திசையில், தாள் கசங்காமல் அழிக்க வேண்டும். எனக்கு அது நன்றாக வரும்.

வீட்டுக்கு வந்து ஃபைலை விரித்தபோது, ஆரபி எல்லாத் தாள்களிலும் பென்சிலால் விடை எழுதியிருப்பதைக் கண்டேன். இப்படியே பிரதி எடுத்தால் விடையும் சேர்ந்து வரும். சாயினிக்கு என்ன பயன்? என் கை தானாகவே அழிறப்பரைத் தேடியது. ஒரு தாள், இன்னொரு தாள்… ஒரே திசையில், கசங்காமல். அன்று பின்னேரத்துக்குள், மேலே இருந்த பெயரும் திகதியும் உட்பட, முழுவதையும் வெள்ளையாக்கிவிட்டேன். ஒரு பிள்ளையின் ஒரு வருடச் சனிக்கிழமைகள். குசினி மேசையில் இருந்து அழிறப்பர்த் துகளைக் கையால் கூட்டி எடுத்துக் குப்பையில் போட்டேன்.

கடைசித் தாளுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அழித்த தாள்களை இனி எப்படித் திரும்ப வைப்பது?

பட்டம் பெற்றவள் நான். இதைக்கூட முன்னமே யோசிக்கவில்லை. அல்லது யோசித்துவிட்டு, யோசிக்காத மாதிரி இருந்தேனோ… எனக்கே என்மேல் நம்பிக்கையில்லை.

பிரதி எடுக்கவும் இல்லை. எதற்கு? ஃபைலை அப்படியே சாயினியிடம் கொடுத்து, விடைகளை வேறொரு கொப்பியில் எழுதச் சொன்னேன். ஒரு தெரிந்த ஆளிடம் வாங்கினேன் என்றேன். அவள் இரண்டாவது நாள் ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மூலையில் குடை பிடித்த ஒரு பூனை. பேனையால் கீறியது, அழிறப்பருக்கு அழியாதது.

"இது ஆரபியின்ட பூனை."

"எல்லாப் பிள்ளையளும் பூனை கீறுவினம். நீ கணக்கைப் பார்."

அவள் கணக்கைப் பார்த்தாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

அந்தக் கிழமைக் கடைசியில் மாலினி அக்கா அழைத்தார். எங்களுக்கு மத்தியானம், அங்கே பொழுதுபடும் நேரம். நான் குசினியில் நின்றேன். சாயினி மேசையில் இருந்து அந்த ஃபைலைத்தான் செய்துகொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"தாரணி, உம்மட்டை ஒண்டு சொல்லோணும். கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ அக்கா."

"ஆரபி மாஸ்ரரிட்டைப் போறவள். உமக்குச் சொல்லேல்ல. சொல்லக் கூடாதெண்டு அந்த மனுஷன் வாக்கு வாங்கினது. எனக்கு அது ஒரு மாதிரித்தான் இருந்தது… சரி, அதை விடும். அவளின்ட நீல ஃபைல் ஒண்டு மேசையில இருக்காம். அதுக்குள்ள இருக்கிற தாளுகளைப் படம் எடுத்து அனுப்பிவிடுவீரோ? திரும்பி வந்து ரெண்டு கிழமையில சோதனை. இங்க இருக்கிற நேரத்தில ஏதும் பாப்பாள்."

சாயினி பேனையை மூடி வைத்தாள். தாள்களை ஒழுங்காக அடுக்கி, ஃபைலை மூடி, இரண்டு கையாலும் எடுத்து என் பக்கம் நீட்டினாள். கொண்டு போங்கோ என்பதுபோல நீட்டிக்கொண்டே நின்றாள்.

"கையோட ஒருக்காப் போறீரோ? வீடியோவில வாரும், நானும் பாக்கிறன்" என்றார் அக்கா.

நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. என் மகளுக்கு. பிறகு திறப்பை எடுத்துக்கொண்டு போனோடு வெளியே நடந்தேன்.

அந்த மாடியேற்றம்… இன்னும் என் காலில் இருக்கிறது. போன் திரையில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு விறாந்தை, ஆட்களின் கதை, எங்கோ காகம் கரைகிற சத்தம். அக்காவின் தோளுக்கு மேலால் ஆரபியின் முகம் எட்டிப் பார்த்தது.

"மேசையைக் காட்டும்."

காட்டினேன். மேசை விளக்கு. பென்சில் குவளை. வெறும் பலகை.

"அங்கதான் வச்சனான்" என்றாள் ஆரபி. "அம்மா, பிராமிஸ், அங்கதான் வச்சனான்."

"மேசை லாச்சியளைத் திறந்து பாரும் தாரணி."

திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அலுமாரியைத் திறந்தேன். முழங்காலில் இருந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தேன், போனையும் உள்ளே நீட்டிக் காட்டினேன். அங்கே இல்லையென்று தெரிந்த ஒன்றை நான் எவ்வளவு கவனமாகத் தேடினேன் என்று உங்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

"ஒரு இடமும் இல்லை அக்கா."

திரை ஒருமுறை ஆடியது. அக்கா மகளின் பக்கம் திரும்பினார்.

"சூட்கேசுக்குள்ள வையடி எண்டு எத்தினை தரம் சொன்னனான்? எங்க எறிஞ்சனி?"

"நான் எறியேல்ல."

"பொய் சொல்லாத. அப்பப்பான்ட படத்துக்கு முன்னால நிண்டு பொய் சொல்லாத."

"எறியேல்ல அம்மா."

"நீரே சொல்லும் தாரணி, ஃபைலுக்கென்ன கால் முளைச்சதோ?"

அப்போது நான் சொன்னதைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்தேன். திருடியது அதற்கு முன்னால் மிகச் சின்ன விஷயம்.

"சின்னப் பிள்ளைதானே அக்கா" என்றேன், மிகவும் அன்பான குரலில். "சோதனைப் பயத்தில எங்கயும் ஒளிச்சிருப்பாள். ஏசாதேங்கோ."

ஆரபி திரையில் இருந்து என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. அன்ரி ஏன் இப்படிச் சொல்கிறா என்று விளங்காமல் பார்த்தாள். பிறகு அவளுடைய முகம் திரையை விட்டுப் போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது ஃபைல் மேசையில் மூடியபடி இருந்தது. சாயினி தன் அறைக்குப் போயிருந்தாள். மறுநாள் நான் சொன்னதும் வந்து உட்கார்ந்தாள். மிச்சத் தாள்களைச் செய்தாள். கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்… அவள் கேட்காதது எனக்கு ஆறுதலாக இருந்ததே, அதை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.

அவர்கள் திரும்பி வந்த பிறகு மாஸ்ரர் இன்னொரு கட்டுத் தாள் தர மறுத்துவிட்டார். தாள் தொலைந்தது என்பதை அவர் நம்பவில்லை. வாக்கை மீறி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டீர்கள் என்று சொல்லி, சோதனைக்குப் பத்து நாள் இருக்கையில் ஆரபியை நிறுத்திவிட்டார். அவருடைய சந்தேகம் பாதி சரிதான்.

அந்தப் பத்து நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். "எங்க எறிஞ்சனி?" திரும்பத் திரும்ப அதே கேள்வி. முதல் நாட்களில் "எறியேல்ல" என்று பதில் கேட்டது. பிறகு பதில் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், ஆங்கிலத்தில், உரத்து: சரி, நான்தான் எறிந்தேன், இப்போது என்னை விடுங்கள்.

நான் குசினியில் அரிசி கழுவிக்கொண்டு நின்றேன். குழாயை இன்னும் கொஞ்சம் கூடத் திறந்துவிட்டேன்.

சாயினிக்கு இடம் கிடைத்தது. ஆரபிக்குக் கிடைக்கவில்லை.

ஃபைல் இருந்திருந்தால் ஆரபிக்குக் கிடைத்திருக்குமா? தெரியாது. இல்லாவிட்டால் சாயினிக்குக் கிடைக்காமல் போயிருக்குமா? அதுவும் தெரியாது. இந்தத் தெரியாமைக்குள் எத்தனையோ நாள் ஒளிந்திருந்தேன். ஆனால் ஒரு தாய் தன் பிள்ளையை நம்பாமல் போனதற்கு எந்தத் தாளும் தேவையில்லையே… என் ஒரு வசனம் போதுமாக இருந்தது.

அறிவித்தல் வந்த வார இறுதியில் மாலினி அக்கா கேக்கோடு வந்தார். சாயினியைக் கட்டிப் பிடித்துக் கொஞ்சினார். "கதைப்புத்தகம் வாசிச்சே பாஸ் பண்ணிட்டாய் என்ன" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சேகர் அண்ணை தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சொன்னார்:

"போன ஓகஸ்ட் முழுக்க நான் அங்கயிருந்து தாரணியின்ட படம்தான் பாத்தனான், எங்கட கதவுக் கமராவில. ஒருநாள் வாறா, கறிவேப்பிலை மரத்தையே பையுக்குள்ள வச்சுக் கொண்டு போற மாதிரி. அப்பிடியென்ன குழம்பு வச்சனீர்?"

"விடுங்கோவன் அப்பா, நான்தான் பிடுங்கச் சொன்னனான்" என்றார் அக்கா.

நானும் சிரித்தேன். எல்லோரையும்விடக் கொஞ்சம் நேரம் கூடச் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். என் கணவர் என்னைப் பார்த்தார். ஏன் பார்த்தார்? அண்ணை அதை ஏன் அன்று சொன்னார்? வெறும் பகிடியா? அந்த வீடியோக்கள் எத்தனை நாள் அழியாமல் இருக்கும்? பிறகு நான் இணையத்தில் அதைத் தேடிப் பார்த்தேன். தேடியதையும் அழித்தேன். அக்கா வாசலில் நின்று எனக்குக் கை காட்டினால், இன்று வழமையைவிட ஒரு கணம் தாமதித்துக் காட்டினாரோ என்று எண்ணிக்கொண்டு போகிறேன். அவர் என்னைச் சந்தேகிக்கிறார் என்பதற்கு என்னிடம் ஒரு சான்றும் இல்லை. சந்தேகிக்கவில்லை என்பதற்கும் இல்லை.

சாயினி அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் வீட்டுப்பாடம் என்கிறாள்.

ஆரபிக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. எதையாவது எங்காவது வைத்தால், தன் போனை எடுத்து அதைப் படம் பிடிக்கிறாள். பள்ளிக்கூடப் பைக்குள் கொப்பியை வைத்தால் ஒரு படம். பெட்டியில் சாப்பாடு முடிந்தால் ஒரு படம். எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து அதையும் ஒரு படம் எடுத்தாள்.

"இவளுக்கு இதென்ன விசர் எண்டு தெரியேல்ல" என்று அக்கா சிரித்தார்.

எனக்குத் தெரியும். நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. சிரித்தேன்.

இந்தக் கோடையில் பள்ளிக்கூடம் மூடியதும் அவர்கள் மறுபடி ஊருக்குப் போனார்கள், மாமனாரின் ஆட்டைத் திவசத்துக்கு. புறப்படுகிற அன்று காலை அக்கா வந்து அதே திறப்பை என் கையில் வைத்தார்.

"வேற ஆரிட்டைக் குடுக்கிறது? உம்மளை விட்டா எனக்கு நம்பிக்கையா ஆர் இருக்கினம்?"

அந்தச் சொல்லை நான் எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன்! உண்மையாகவே நம்புகிறாரா? அல்லது பார்ப்போம் என்று திறப்பைத் தருகிறாரா?

ஆரபி பின்னால் நின்றாள். போன வருடத்தைவிட உயர்ந்திருந்தாள்.

"அன்ரி, நான் என்ட ரூம் முழுக்கப் படம் எடுத்து வச்சிருக்கிறன்" என்றாள்.

"ஏனம்மா?"

"சும்மா. எது எங்க இருந்தது எண்டு பிறகு ஆரும் கேட்டாக் காட்டலாம்."

அது எனக்குச் சொன்னதா? அல்லது அவள் இப்போது எல்லோருக்கும் அப்படித்தான் சொல்கிறாளா? அவளுடைய கண்ணைப் பார்த்தேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையின் கண்ணுக்குள் துருவித் தேடுகிற நிலைக்கு நான் வந்திருக்கிறேன்.

அவர்கள் போன நாலாம் நாள், நான் ஒரு முடிவோடு எழும்பினேன். ஃபைலைத் திரும்ப வைத்துவிடுவது. ஒரு வருடமாக அது என் அலுமாரியில், குளிர்காலப் போர்வைகளுக்கு நடுவில் கிடந்தது. எரிக்க இரண்டுமுறை எடுத்தேன், மனம் வரவில்லை. அதைத் துணிப்பையில் போட்டேன். கமராவுக்கு முன்னால் கதவைத் திறந்தேன். இந்தமுறை கொண்டுபோகிறேன், கொண்டுவரவில்லை.

கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட்டேன், அளவாக. மாடிக்கு ஏறினேன். ஆரபியின் அறை துப்புரவாக இருந்தது. நீச்சல் பை இல்லை. மேசையில் விளக்கு, குவளை, வெறும் பலகை. போன வருடம் நான் அவர்களுக்குக் காட்டிய அதே பலகை.

மேசையில் வைக்கப் போனேன். கை பாதியில் நின்றுவிட்டது.

மேசையை அவள் படம் எடுத்து வைத்திருக்கிறாள். அதில் ஃபைல் இல்லை. அவள் வந்து மேசையில் ஃபைலைக் கண்டால், படத்தைத் தாய்க்குக் காட்டுவாள். இடையில் இந்த அறைக்குள் வந்தது யார்? திறப்பு வைத்திருந்தது யார்? நான் அகப்பட்டேன்.

சரி, படத்தில் தெரியாத இடம். அலுமாரிக்குப் பின்னால். மெத்தைக்குக் கீழே. லாச்சிகளுக்கும் சுவருக்கும் இடையில். அங்கே வைத்தால் என்றோ ஒருநாள் அக்கா கூட்டும்போது எடுப்பார். எடுத்துக்கொண்டு மகளிடம் போவார். பார், எறியவில்லை, இங்கேதான் ஒளித்து வைத்திருக்கிறாய். விடைகளைக்கூட அழித்து வைத்திருக்கிறாய். நான் அன்று அன்பாகச் சொன்னது அப்படியே உண்மையாகிவிடும். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எத்தனை படம் எடுத்தாலும் அவளை யாரும் நம்பப் போவதில்லை.

கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்தால் கள்ளி நான். தெரியாத இடத்தில் வைத்தால் கள்ளி அவள்.

நான் மூன்றாவது ஓர் இடத்தைத் தேடினேன். சிரிப்பீர்கள், ஆனால் உண்மையாகவே தேடினேன். லாச்சிகளைத் திறந்தேன். அலுமாரியைத் திறந்தேன். முழங்காலில் இருந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். போன வருடம் தேடிய அதே வரிசையில். போன வருடம் தேடியதுபோல இல்லாமல், இந்தமுறை நிஜமாக.

இல்லை. அந்த வீட்டில் இதை வைக்க ஓர் இடமும் இல்லை. இருப்பது ஒரே ஒரு வழி: மாலினி அக்காவின் கையில், அவருடைய முகத்தைப் பார்த்து, வாயால் சொல்லிக் கொடுப்பது. அது எனக்குப் போன வருடமே தெரியும். என் மகள் இரண்டு கையாலும் நீட்டிக் காட்டியது அதைத்தான்.

சாயினி செப்டெம்பரில் கிராமர் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். சீருடை வாங்கிவிட்டோம். நான் சொன்னால் அவள் முகம் என்ன ஆகும், தெருவில் என்ன கதைப்பார்கள், என் கணவர் என்ன சொல்வார்… நியாயங்கள் எனக்கு நிறையத் தெரியும். படித்தவள் அல்லவா.

ஃபைலைத் திரும்பப் பைக்குள் போட்டேன். கீழே வந்து, கறிவேப்பிலையில் இரண்டு கொப்பு முறித்து அதன் மேல் பரப்பினேன். கமராவுக்கு முன்னால் கதவைப் பூட்டி, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன்.

எங்கள் வாசலில் சாயினி நின்றாள். பையைப் பார்த்தாள். மேலே கிடந்த இலைகளைப் பார்த்தாள். பிறகு, கதவை நான் வரும்வரை பிடித்துக்கொண்டு நிற்காமல், உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறார்கள். ஃபைல் போர்வைகளுக்கு நடுவில் இருக்கிறது. இலைகள் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கின்றன. இந்தக் கிழமை முழுவதும் நான் அதில் ஒன்றைக்கூடக் கறிக்குப் போடவில்லை.